முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை: ஒரு புளி மேசையின் நிகழ்வு ஆய்வு

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, வீட்டுக்குள் நுழைந்தபோது, பொங்கலுக்கு நான் செய்து கொடுத்த மேசைமேல் பித்தளைக் குடம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மாத்திரை டப்பா, கரண்ட் பில் அட்டை, ஒரு சீப்பு. அம்மா வாசல் நடையில், தரையில், மணைமேல் உட்கார்ந்து, இடது காலை மடக்கி வலது காலை நீட்டிப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். எந்த உட்காரலைத் தடுக்க அந்த மேசையைச் செய்தேனோ, அதே உட்காரல்.

"ஏம்மா, மேசை என்னாச்சு?"

"நல்லாத்தான்டா இருக்குது. கொடம் வெக்க வாட்டமா இருக்குது."

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினாறு வருடமாகத் தரப் பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தவறு நடந்தது என்று தோண்டி எழுதுவதுதான் பிழைப்பு. புகார்க் கடிதத்தில் ஒருவர் "நல்லாத்தான் இருக்குது" என்று எழுதி, பாகத்தை மட்டும் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தால் அதை என்னவென்று சொல்வோம்? நிராகரிப்பு என்றுதான். அன்று ராத்திரி ஒரு நோட்டில் முதல் பக்கத்தை எழுதினேன். கீழே வருவது அந்த நோட்டின் விரிவு.

வேலை என்ன, யாருக்கு

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது எல்லைக்கோடு எங்கள் பக்கம்தான் எங்கேயோ ஓடியது. மாவட்டம் பிரிந்தது, புளி பிரியவில்லை. மாசி தொடங்கிச் சித்திரை முடியும்வரை இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் புளி காயும், புளி உடைபடும். கொல்லையில் எங்களுக்கு இரண்டு மரம். வருஷத்துக்கு வேண்டியதை எடுத்து வைத்து, அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் கொடுத்து, மிச்சத்தை மண்டிக்குப் போடுவது அம்மாவின் கணக்கு.

புளியை மரத்திலிருந்து உலுக்கி இறக்குவது ஒரு வேலை என்றால், அதைச் சமையலுக்கு ஆக்குவது பத்து வேலை. வெயிலில் காய வைத்து ஓட்டை உடைக்க வேண்டும். நாரை உரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சுளையாகக் கல்மேல் வைத்துச் சின்ன இரும்புச் சுத்தியால் தட்டினால் கொட்டை பிதுங்கும். அதை விரலால் தள்ளிவிட்டு அடுத்தது. ஒரு பழத்தில் சதை ஏறக்குறைய 55 சதவீதம், கொட்டை 34, ஓடும் நாரும் 11 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கைக்குக் கிடைப்பது பாதி, கையால் கழிப்பது மீதிப் பாதி. (அந்தக் கொட்டையும் வீணில்லை. மாவாக அரைத்து நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது.)

அம்மாவுக்கு 67 வயது. முட்டி இரண்டும் தேய்ந்திருக்கிறது. சம்மணம் போடாதீங்க, குந்தி உட்காராதீங்க, தரையில உட்கார்ந்து எழுந்திருக்காதீங்க என்று டாக்டர் மூன்றையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அம்மா டாக்டரிடம் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அப்ப புளிய யார் தட்டுவா?" என்றாள். விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். ரெண்டு மரத்தை வைத்துக்கொண்டு கடையில் புளி வாங்கும் மனுஷி இல்லை அவள்.

ஸ்டூலில் உட்கார்ந்தபடி புளி தட்ட ஒரு சின்ன மேசை. என் கையால் செய்வது என்று அப்போது முடிவானது.

முதல் மேசை

எங்கள் பக்கத்தில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிற மரம் மா. காய்ப்பு ஓய்ந்த பழைய தோப்பை அடியோடு வெட்டிப் புதுக்கன்று வைப்பார்கள், வெட்டியது மர மில்லுக்கு வரும். தேக்கு என் பட்ஜெட்டுக்கு எட்டாது. வேம்பு கசப்பு வாசனை அடிக்கும், புளிக்கு ஆகாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கார்த்திகையில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாள், ஒரு மில்லில் மாம்பலகை வாங்கினேன். "ஈரம் இருக்குது சார், கொஞ்ச நாள் போட்டு வெச்சு எடுங்க" என்று மில்காரர் சொல்லியே கொடுத்தார். அடுக்கி வைத்து ஆறு வாரம் விட்டேன். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காற்றில் ஆற வேண்டும் என்பது மர வேலைக்காரர்களின் பழைய கணக்கு. என் பலகை ஒரு அங்குலம். ஆறு வாரம் எந்த மூலைக்கு?

மேற்பலகை 75 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், இரண்டரை கனம். மூன்று பலகையை நீளவாட்டில் ஒட்டிச் சேர்த்தது. கால்கள் 5 சென்டிமீட்டர் சதுரம். மேலே கால்களை இணைக்கும் சட்டம் 8 சென்டிமீட்டர் உயரம். உயரம் மொத்தம் 61, அதாவது 24 அங்குலம். சாப்பாட்டு மேசை 30 அங்குலம் இருக்கும், இது சின்ன மேசை, அதனால் 24. என் கணக்கு அவ்வளவுதான். அதை ஒரு காரணம் என்று நினைத்ததுதான் பின்னால் எழுத வெட்கமாக இருந்த வரி.

சேர்மானத்தில் மட்டும் குறை வைக்கவில்லை என்று அப்போது பெருமை. ஒவ்வொரு காலிலும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு துளை பொளிந்து, சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவி இறக்கினேன். முதல் கழுந்து லொடலொட என்று ஆடியது. இரண்டாவது இறங்கவே இல்லை. நாலாவதிலிருந்துதான் கட்டைவிரலால் பாதி, கொட்டாப்புளியால் பாதி என்று நிதானம் வந்தது. மாமரம் இழைப்புளிக்கு அவ்வளவு இணங்காது. இழை ஒரே பலகையில் இப்படியும் அப்படியும் திரும்பும், ஒரு பக்கம் வழுவழுவென்று சீவும், நாலு அங்குலம் தள்ளிப் பிய்க்கும். பிய்த்த இடத்தை 80, 120, 220 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே சரிக்கட்டினேன். மேலே வார்னிஷ் மூன்று கோட்டு.

மேற்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடிப்பது என்பதில் யோசனையே செய்யவில்லை. சட்டத்தின் மேல் விளிம்பு முழுக்கப் பசை, அடியிலிருந்து எட்டு ஸ்க்ரூ. அசையவே கூடாது என்று முறுக்கினேன். பொங்கலன்று அம்மா அதன்மேல் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். முப்பது நாள் கழித்துக் குடம்.

தரையில் இருந்த விடை

எங்கள் தொழிற்சாலையில் "கெம்பா" என்ற ஜப்பானியச் சொல்லை டீ மாஸ்டர்கூடச் சொல்வார். வேலை நடக்கிற இடம் என்று பொருள். ஏசி அறையில் உட்கார்ந்து காரணம் எழுதாதே, இடத்துக்குப் போய்ப் பார் என்பதற்கு அந்த ஒரு சொல். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான், டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ பெயரால் பரவியது. பதினாறு வருடமாக இதை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பிறந்ததிலிருந்து அம்மா புளி தட்டுவதைப் பார்த்திருக்கிறேன் என்ற நினைப்பில், அவள் தட்டுவதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு டேப்பை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "வேலைக்கு ஒதவாம என்னாடா இது" என்றவள் அஞ்சு நிமிஷத்தில் என்னை மறந்துபோனாள்.

அவள் உட்கார்ந்திருந்த மணை 5 சென்டிமீட்டர் உயரம். மேற்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் முழங்கை தரையிலிருந்து 25. புளி தட்டும் கல், உடைந்த அம்மியின் துண்டு, 8 சென்டிமீட்டர் கனம். இது வெறும் தரையில் இல்லை. கீழே ஒரு செங்கல், செங்கல்லுக்கு அடியில் நாலாக மடித்த சாக்கு. கல்லின் மேற்பரப்பு தரையிலிருந்து 17. முழங்கைக்கும் கல்லுக்கும் இடையே 8 சென்டிமீட்டர். அம்மாவின் கையைக் கேட்டு வாங்கி விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். சரியாக நாலு விரற்கடை.

"இந்தச் செங்கல்ல எப்பம்மா வெச்ச?"

"அது எப்பவோ. கல்லு தாழ்வா இருந்தா இடுப்பு புடிக்கும். ஒசரமா இருந்தா இங்க புடிக்கும்." சுத்தி பிடித்த கையாலேயே தோளைத் தொட்டுக் காட்டினாள்.

தட்டி அடிக்கிற வேலைக்குப் பரப்பு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், கண்ணால் கூர்ந்து பார்க்கும் நுண்வேலைக்கு முழங்கை மட்டத்திலோ சற்று மேலோ இருக்கலாம் என்பது பணிச்சூழல் பாடத்தில் முதல் பக்கத்துச் சங்கதி. எங்கள் அசெம்ப்ளி மேசைகளுக்கு நானே அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மா ஒரு செங்கல்லையும் ஒரு சாக்கையும் வைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள், எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே.

இப்போது என் மேசையை அளந்தேன். பிளாஸ்டிக் ஸ்டூல் 38 சென்டிமீட்டர், அதில் உட்கார்ந்தால் அவள் முழங்கை 58. மேசை 61. அதோடு முடிந்ததா? மேசைமேல் கல்லை வைக்க வேண்டுமே. கல் 8. ஆக, தட்டும் பரப்பு 69. முழங்கைக்குக் கீழே 8 இருக்க வேண்டியது, மேலே 11 இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் தோளைத் தூக்க வேண்டும். ஒரு கிலோப் புளிக்கு எத்தனை நூறு தட்டு என்று எண்ண மனம் வரவில்லை.

மேசையின் உயரத்தை முடிவு செய்தபோது அதன்மேல் ஒரு கல் உட்காரும் என்பதே என் நினைவில் இல்லை. ஏன் என்று நோட்டில் எழுதினேன். அறைக்கு மேசை செய்தேன், வேலைக்குச் செய்யவில்லை. ஐந்து ஏன் தேவைப்படவில்லை, இரண்டிலேயே அடி தட்டியது.

இன்னொன்றையும் அளந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவள் தொடையின் மேல்மட்டம் 51. என் மேசைச் சட்டத்தின் அடி விளிம்பு 50.5. கால் உள்ளே போகவே இல்லை. ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளி, குனிந்து, எட்டித் தட்டியிருக்கிறாள். மேசைமேல் அடி விழும்போதெல்லாம் தட்டு துள்ளிப் புளி சிதறியிருக்கிறது. இதை நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"ஆசையா செஞ்சுட்டு வந்த. என்னான்னு சொல்றது?"

இதுதான் புகார் வராததன் காரணம்.

விரிசல்

அளந்துகொண்டிருக்கும்போது கண்ணில் பட்டது இரண்டாவது சங்கதி. மேற்பலகையில், நடுப் பலகையின் வழியே, இடது ஓரத்திலிருந்து முக்கால் தூரத்துக்கு ஒரு விரிசல். நகம் நுழையும் அளவு. பங்குனி பாதிக்குள் அதன் அகன்ற இடம் 4 மில்லிமீட்டர் ஆனது. ஒட்டின இடம் எதுவும் விடவில்லை, பலகையே நடுவில் கிழிந்திருந்தது. அப்படியென்றால் பசையைக் குற்றம் சொல்ல முடியாது.

ஊரில் தச்சு வேலையிலிருந்து ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆசாரி மாமாவைக் கூட்டிவந்தேன். மேசையைக் கவிழ்த்து, எட்டு ஸ்க்ரூவையும் ஒரு நோட்டம் விட்டார்.

"கட்டிப் போட்டுட்ட மாப்ள."

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு மாமா."

"ஐப்பசில உங்க வூட்டு ஜன்னல் கதவு சாத்துதா? இறுகிக்கும். சித்திரைல அதே கதவு காத்துக்குத் தானா தொறந்துக்கும். பாத்ததில்லையா? மரம் மூச்சு வுடும். நீ நெஞ்சுமேல ஏறி ஒக்காந்துட்ட. வெடிக்காம என்ன பண்ணும்?"

மூச்சு என்றால் எத்தனை மில்லிமீட்டர்? தொழில் புத்தி விடாது. மார்கழியில் மேசைக்குப் பலகை அறுத்தபோது வெட்டிய ஒரு துண்டை அன்றைக்கே எடை போட்டு நோட்டில் குறித்து வைத்திருந்தேன்: 212 கிராம். அதை எங்கள் ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு 103 டிகிரி அடுப்பில், எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும்வரை வைத்தேன். 180 கிராமில் நின்றது. போன தண்ணீர் 32 கிராம், காய்ந்த எடையில் 17.8 சதவீதம். வீட்டு நடையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த வேறொரு துண்டு பங்குனியில் 171 கிராம், அடுப்பில் காய்ந்தபின் 156. ஈரம் 9.6 சதவீதம். மேசை செய்த பிறகு பலகை எட்டு சதவீதம் ஈரத்தை விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டு வீடு, பங்குனி வெயில், 38 டிகிரி. விடாமல் என்ன செய்யும்?

ஈரம் போனால் மரம் சுருங்கும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. நீளவாட்டில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. அகலவாட்டில்தான் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் குறுக்குத் திசையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. கட்டாமல் சும்மா கிடந்த ஒரு பலகை 130 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 128 ஆகியிருந்தது. ஒன்றரை சதவீதம். 40 சென்டிமீட்டர் மேற்பலகைக்கு அதே கணக்கு 6 மில்லிமீட்டர். மேற்பலகை 6 மில்லி குறுகப் பார்த்தது. இரு பக்கத்துச் சட்டமும் இழை குறுக்காக ஓடுவதால் குறுகாமல் நின்றன. இரண்டையும் பசையாலும் ஸ்க்ரூவாலும் நான் பூட்டியிருந்தேன். 4 மில்லி விரிசலாகத் திறந்தது. மிச்சம் 2 மில்லிக்குக் கால்கள் உள்பக்கம் வளைந்து கொடுத்திருக்கின்றன, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்தது.

குடத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வேர்க்கும் பித்தளைக் குடம் ஒரு இடத்தை நனைத்தே வைத்திருக்க, மற்ற இடம் காய்ந்தது. ஆனால் குடத்தை அங்கே வைக்க வைத்தது யார்?

மேசைமேல் இன்னொரு தடயமும் இருந்தது, அழகான தடயம். சுத்தியின் உருவம் அப்படியே கறுப்பாக, கைப்பிடியோடு, மசியில் அச்செடுத்ததுபோல். முதல் ரெண்டு நாள் தட்டிவிட்டுப் புளி ஒட்டிய சுத்தியை அப்படியே மேசைமேல் போட்டிருக்கிறாள். புளியின் அமிலம் இரும்பைக் கரைத்தது. புளியங்கொட்டைத் தோலில் துவர்ப்புச் சத்து நிறைய, அது கரைந்த இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்து எழுது மை செய்ததும் இதே சேர்க்கையில்தான். என் மூன்று கோட்டு வார்னிஷ் அந்த இடத்தில் உரிந்திருந்தது.

இரண்டாம் மேசை

புதிதாகச் செய்யவில்லை. இருந்ததையே பிரித்தேன்.

முதலில் உயரக் குழப்பம். தட்டும் பரப்பு 58இல் 8 போக 50 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். கல் 8 என்றால் மேசை 42. தொடையோ 51இல் இருக்கிறது. 42இல் மேசை வைத்தால் கால் எங்கே போகும்? இரண்டு நாள் பேப்பரில் கிறுக்கியும் வழி தெரியவில்லை. ஸ்டூலை உயர்த்தினால் முழங்கையும் தொடையும் சேர்ந்தே உயரும், வித்தியாசம் அப்படியே நிற்கும்.

விடை மறுபடியும் தரையில்தான் இருந்தது. தரையில் அம்மா கல்லை எதிரே வைத்துக்கொள்வதில்லை. மடக்கிய காலுக்கும் நீட்டிய காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறாள். கல்லுக்கு மேசை எதற்கு? கால்களுக்கு நடுவே தனியாக நிற்கட்டும். மேசை அதைச் சுற்றி நிற்கட்டும், புளித் தட்டு வைக்க மட்டும்.

கொல்லையில் விறகு பிளக்க அப்பா காலத்திலிருந்து கிடந்த புளியங்கட்டை ஒன்று, 23 சென்டிமீட்டர் விட்டம். கறிக்கடையில் கொத்தக் கொத்தத் தாங்குவதும் புளியங்கட்டைதானே. அதை 42 சென்டிமீட்டருக்கு அறுத்தோம். அறுத்தோம் என்பது மரியாதைக்கு. வைரம் பாய்ந்த ஊதாக் கறுப்பில் ரம்பம் நுழைய மறுத்தது, ஆசாரி மாமா பாதியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார், முக்கால் மணி நேரம் ஆனது. அடியை மட்டம் பார்த்துச் சீவித் தரையில் நிறுத்தி, மேலே அம்மிக்கல் துண்டை வைத்தால் 50. அடி இப்போது நேரே தரைக்குப் போகிறது. மேசையின் ஒரு சேர்மானத்துக்கும் அதிர்ச்சி இல்லை, தட்டும் துள்ளுவதில்லை.

மேற்பலகையைக் கழற்றுவதற்குள் உயிர் போனது. ஸ்க்ரூ வந்துவிட்டது, பசை வரவில்லை. உளியை வைத்துப் பிளந்து பிளந்து எடுத்தேன். விரிசல் வழியாகவே நேராக அறுத்து, இரு விளிம்பையும் இழைத்து, திரும்ப ஒட்டினேன். 40 இருந்த அகலம் 39 ஆனது. பிறகு முன்விளிம்பில், நடுவில், 27 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 18 ஆழத்துக்கும் வெட்டி எடுத்தேன், கட்டை நிற்பதற்கு. உள் மூலை இரண்டிலும் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டுத்தான் ரம்பம் வைத்தேன். கூர்மூலை விட்டால் அடுத்த விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

முன் சட்டம் போனது. அது இருந்தால் தொடை இடிக்கும். அது போன பலவீனத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூன்று குறுக்குக் கட்டை. கால்களை 5 சென்டிமீட்டர் குறைத்து மேசை 56 ஆனது. பலகையின் அடி 53.5, தொடை 51, சேலை மடிப்புக்கு இரண்டரை சென்டிமீட்டர் இடம்.

நாலு காலையும் ஒரே அளவாகக் குறைக்க டேப்பை நம்ப வேண்டாம். சமதளத்தில் மேசையை நிறுத்தி, ஒரு மரத்துண்டின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதைத் தரையோடு நகர்த்திக் காலைச் சுற்றிக் கோடு போட்டு அறுத்தால் ஆடாது.

மேற்பலகையை இம்முறை மாமா சொன்னபடி "நாக்கு" வைத்துப் பிடித்தேன். பக்கச் சட்டங்களின் உள்புறம் மேலாக ஒரு காடி ஓட்டினேன். கட்டைவிரல் நீளத்தில் சின்ன மரத்துண்டுகள், ஒரு முனையில் மெல்லிய நாக்கு. நாக்கு காடிக்குள் நுழையும், துண்டின் உடம்பை மேற்பலகையோடு ஸ்க்ரூ பிடிக்கும். பலகையைக் கீழே இழுத்து இறுக்கும், ஆனால் அகலவாட்டில் அது நகர்ந்தால் நாக்கு காடிக்குள் வழுக்கிக்கொண்டு கூடவே போகும். பின் சட்டத்தில் மட்டும் நகராதபடி நடுவில் ஒரே ஸ்க்ரூ. பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகை காடிக்குள் பசை இல்லாமல் மிதப்பதும் இதற்குத்தான். எங்கள் வீட்டுக் கதவே அப்படித்தான் இருக்கிறது. நாற்பது வருஷமாகத் திறந்து மூடுகிறேன்.

ஒரு காலின் அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தது, குண்டூசித் துளைகள் நாலைந்து. மாமரத்துக்கு உளுப்பு சீக்கிரம் பிடிக்கும். வார்னிஷைச் சுரண்டிவிட்டு, வெங்காரமும் கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்துக் கால்களுக்கும் சட்டங்களுக்கும் மட்டும் தடவினேன். சாப்பிடும் பொருள் வைக்கிற மேற்பலகைக்கு அதைத் தொடவிடவில்லை. அதற்கு ஆளிவிதை எண்ணெய், சமையலுக்கு விற்கிற பச்சை எண்ணெய். பெயின்ட் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய் காய இரண்டு வாரம் பிடித்தது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் போடுங்கள்.

சுத்திக்கு வலது முன்காலில் ஒரு மர முளை அடித்துக் கொடுத்தேன், தொங்கவிட. கறுத்த சுத்தி அச்சை எடுத்துவிடவா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். மேசையில் அவளுக்கு உடனே பிடித்துப்போன ஒரே பகுதி அதுதான் போல.

சித்திரையில்

தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மேசையைக் கட்டையோடு சேர்த்து நடையில் போட்டேன். இந்த முறை மஞ்சள் பூசவிடவில்லை, முதலில் தட்டு என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டையை இரண்டு முட்டிக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டாள். இடது பக்கம் ஓடு நீக்கிய புளி, வலது பக்கம் எவர்சில்வர் தட்டு. கொட்டை கீழே முறத்தில் விழுந்தது. பத்து நிமிஷம் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை.

வைகாசி வரை வாரம் ஒரு முறை மேற்பலகையின் அகலத்தை அளந்தேன். 390 மில்லிமீட்டர் 388 ஆனது, விரிசல் இல்லை. கோடை மழை பெய்த வாரம் 389க்குத் திரும்பியது. ஐப்பசி வந்தால் எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும். நாக்குக்கு இரண்டு பக்கமும் 4 மில்லி இடம் விட்டிருக்கிறேன்.

முட்டி வலி போய்விட்டதா என்றால், இல்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். தரையிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டிய தேவை புளி வேலையில் இல்லாமல் போனது, அவ்வளவே. மேற்பலகை கொஞ்சம் சின்னதாகிவிட்டது என்பது என் குறை. இரண்டு பக்கமும் 24 சென்டிமீட்டர் இறக்கையில் பெரிய தாம்பாளம் நிற்பதில்லை, அம்மா சின்னத் தட்டுக்கு மாறிக்கொண்டாள்.

வைகாசி கடைசியில் போனபோது, கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் நாலாக மடித்த சாக்குத் துண்டு ஒன்று இருந்தது. டேப்பை எடுத்தேன். கல் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. 51. முழங்கைக்குக் கீழே 8 இல்லை, 7. நோட்டைத் திறந்து, உயரத் திருத்தம் என்று தலைப்புப் போட்டு, தேதி எழுதி, ஸ்டூல் ஒருவேளை அமுங்கியிருக்குமோ என்று அதையும் அளந்து குறித்தேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"ஒசரம் பத்தலையாம்மா?"

"ஒசரமா? அதெல்லாம் இல்லடா. கல்லு கட்டைல டங்கு டங்குன்னு சத்தம். டிவில பேசுறது ஒன்னும் கேக்கல."